தேர்தல் நேரத்தில் லயத்துக்கு வரும் வட்ஸ்அப் படங்கள்: எங்கே பார்ப்பது, எப்படிப் பிடிப்பது

தேர்தல் காலத்தில் வட்ஸ்அப்பில் சுற்றும் பொய்ப் படங்களில் பெரும்பாலானவை வெட்டி ஒட்டியவை அல்ல. படம் அசல்தான். அதன் கீழே எழுதியிருக்கும் திகதி, ஊர், பெயர் இவைதான் பொய். படத்தைப் பெரிதாக்கி நிழலையும் விரலையும் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, இந்தப் படம் எப்போது எடுக்கப்பட்டது, எங்கே எடுக்கப்பட்டது, முதலில் எதற்காக வெளியிடப்பட்டது என்பதைத்தான்.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் கூடுதலாகக் கெடுதல் செய்வது தலைவர்களைக் கேலி செய்யும் படங்கள் அல்ல. எப்படி வாக்களிப்பது என்று சொல்லித்தரும் படங்கள்தான். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் என்று எட்டு மாதத்துக்குள் மூன்று முறை வாக்களித்தோம். மூன்றுக்கும் அடையாளமிடும் முறை வேறு. ஒரு தேர்தலுக்குச் சரியாக இருந்த விளக்கப் படம் அடுத்த தேர்தலில் வாக்கைக் கெடுக்கும் படமாக மாறிவிடுகிறது. அனுப்புகிறவர் கெட்ட எண்ணத்தில் அனுப்பியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

வித்தியாசம் இதுதான். ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதென்றால் அவருடைய பெயருக்கு நேரே புள்ளடியோ (X) 1 என்ற இலக்கமோ போதும். இரண்டாம், மூன்றாம் விருப்பையும் காட்டுவதென்றால் 1, 2, 3 என்று இலக்கங்களையே எழுத வேண்டும். புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்காமல் இருப்பதே பாதுகாப்பு. பாராளுமன்றத் தேர்தலில் முதலில் ஒரு கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்குப் புள்ளடி. பிறகு சீட்டின் கீழ்ப்பகுதியில் அச்சாகியிருக்கும், வேட்பாளர்களைக் குறிக்கும் விருப்பு இலக்கங்களில் மூன்று வரைக்கும் புள்ளடி போடலாம். இங்கே ஜனாதிபதித் தேர்தல் படத்தைப் பார்த்து மூன்று கட்சிக்கு நேரே 1, 2, 3 என்று எழுதினால் அந்தச் சீட்டு நிராகரிக்கப்படும். பிரதேச சபை, நகர சபைத் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடிதான். அந்தச் சீட்டில் வேட்பாளர் பெயரும் இருக்காது, விருப்பு இலக்கமும் இருக்காது. ஆகவே உள்ளூராட்சித் தேர்தலில் "எங்கள் வேட்பாளரின் இலக்கத்துக்குப் போடுங்கள்" என்று ஒரு படம் வந்தால், அது வேறொரு தேர்தலின் படம் என்று பார்த்த உடனேயே சொல்லிவிடலாம்.

விருப்பு இலக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பழைய படங்கள் அதிகம் திரும்பி வருகின்றன. வேட்பாளருக்கு இலக்கம் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக வழங்கப்படுகிறது. 2020இல் கிடைத்த இலக்கம் 2024இல் அதே ஆளுக்குக் கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய போஸ்டரில் ஆண்டு போட்டிருக்காது. சிரித்த முகமும் சின்னமும் இலக்கமும் மட்டும் இருக்கும். அதை யாரோ கேலரியிலிருந்து எடுத்துப் போட்டால், அந்த வேட்பாளரை நம்பி விழும் விருப்பு வாக்கு பக்கத்து வேட்பாளருக்குப் போய்விடும். இதைப் பிடிக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. ஒரு கட்சியின் பட்டியலில் இருப்போர் எண்ணிக்கை, அந்த மாவட்டத்திலிருந்து தெரிவாகும் உறுப்பினர் தொகையைவிட மூன்று கூட. 2024இல் நுவரெலியாவுக்கு 8 ஆசனம், ஆகவே 11 பேர். பதுளைக்கு 9 ஆசனம், ஆகவே 12 பேர். நுவரெலியா வேட்பாளர் என்று சொல்லி 14ஆம் இலக்கத்தோடு ஒரு படம் வந்தால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. இலக்கம் 11க்குள் இருந்தால் மட்டும் நம்பிவிடவும் முடியாது. மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் அதிகாரியான தெரிவத்தாட்சி அலுவலர் வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

சின்னமும் இப்படித்தான். செப்டெம்பரில் ஒரு சின்னத்துக்கு வாக்குக் கேட்ட அணி நவம்பரில் வேறு சின்னத்தில் நிற்பது நம் மாவட்டங்களில் நடக்காத காரியமல்ல. எழுத்து வாசிக்கச் சிரமப்படும் பாட்டி சின்னத்தை வைத்துத்தான் சீட்டைப் பார்ப்பார். அவருக்குப் பேரப்பிள்ளை காட்டும் போனில் பழைய சின்னம் இருந்தால், அவர் வாக்கு யாருக்குப் போகிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

அடுத்தது, "வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்" என்ற வகை. தோட்டங்களில் இது பயங்கரமாக வேலை செய்யும். தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயக் காம்பராக்களில் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்த்தான் கைக்கு வரும், பிந்தி வருவதும் உண்டு. அட்டை கைக்கு வராதவர் இந்தப் படத்தைப் பார்த்ததும் கொழுந்தெடுக்கப் போய்விடுகிறார். உண்மை என்னவென்றால், வாக்காளர் அட்டை கட்டாயமல்ல. வாக்காளர் இடாப்பில் பெயரும், ஆளை உறுதிப்படுத்தும் ஆவணமும் இருந்தால் போதும். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை, மதகுருமாருக்கான அட்டை ஆகியவை ஏற்கப்படும். ஒன்றுமே இல்லாதவருக்கு, தேர்தலுக்கு முன்பே கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பித்தால், தற்காலிக அடையாள அட்டை கிடைக்கும். 2024, 2025 தேர்தல்களில் வாக்களிப்பு காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை. "6 மணி வரை நீடிக்கப்பட்டுள்ளது" என்று கடைசி நேரத்தில் ஒரு படம் வந்தால், தேர்தல்கள் ஆணைக்குழுவின் அறிவித்தலை வானொலியில் கேட்கும் வரைக்கும் அதை எவருக்கும் அனுப்பாதீர்கள்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பற்றிய படங்களுக்கு வருவோம். 1,000 ரூபா, 1,700 ரூபா, 1,350 ரூபா என்று ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வர்த்தமானி (அரசிதழ் அறிவித்தல்) உண்டு. அதனால் வர்த்தமானியின் புகைப்படம் ஒன்றைக் காட்டி எதையும் நம்பவைத்துவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. இதில் சிக்கல் என்னவென்றால், படத்தில் இருக்கும் வர்த்தமானி பல நேரம் உண்மையானதே. ஆனால் சம்பள நிர்ணய சபைச் சட்டத்தின் நடைமுறையில் முதலில் வருவது உத்தேச அறிவித்தல். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கும்படி காலம் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் தீர்மானம் வர்த்தமானியில் வரும். 2024இல் 1,350 ரூபா அடிப்படையும் 350 ரூபா மேலதிகமுமாக 1,700 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் செப்டெம்பரில் 1,350 ரூபா என்று நின்றது. இந்தப் பாதையில் எந்தப் பக்கத்தைப் படம் பிடித்தாலும் அது அசல் காகிதந்தான். அன்றைக்கு எது நடைமுறையில் இருந்தது என்பதை மட்டும் அந்தப் பக்கம் சொல்லாது.

ஆகவே வர்த்தமானிப் படம் வந்தால் மூன்றைப் பாருங்கள். தலைப்பில் இலக்கமும் திகதியும் இருக்கிறதா? அதிவிசேட வர்த்தமானி இலக்கம் நான்கு இலக்க எண், சாய்கோடு, பிறகு சிறிய எண் என்று இருக்கும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு நடுப்பக்கத்தை மட்டும் அனுப்பியிருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது. இரண்டாவது, உள்ளே "ஆட்சேபம்", "உத்தேசம்" என்ற சொற்கள் வருகின்றனவா? வந்தால் அது முடிவல்ல. மூன்றாவது, அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதே திகதிக்கு அதே இலக்கம் இருக்கிறதா? மூன்று மொழியிலும் அங்கே தரவிறக்கலாம், காசு இல்லை. தோட்டக் கமிட்டித் தலைவர்கள் இதை ஒரு முறை செய்து பழகிக்கொண்டால், முழு டிவிசனுக்கும் பதில் சொல்ல அவர்களால் முடியும்.

"தலைவர் கட்சி தாவிவிட்டார்" என்ற படம் வாக்களிப்புக்கு முந்தைய 48 மணி நேர அமைதிக் காலத்தில்தான் வரும். காரணம் தெளிவு. அந்த நேரத்தில் மேடை போட்டு மறுக்க முடியாது. நம் தொழிற்சங்கத் தலைவர்கள் கடந்த 20, 30 ஆண்டுகளில் வெவ்வேறு கூட்டணிகளில் இருந்தவர்கள். யாரோடு யார் கைகுலுக்கிய படம் வேண்டுமென்றாலும் எங்கோ ஒன்று இருக்கும். இப்படி ஒரு படம் வந்தால் நடுவில் நிற்பவரை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். பின்னால் இருப்பவர்கள் முகக்கவசம் போட்டிருந்தால் பெரும்பாலும் அது 2020 முதல் 2022 வரையான காலம். இன்று உயிரோடு இல்லாத ஒருவர் படத்தில் இருந்தால் கேள்வியே முடிந்தது. தலவாக்கலை நகரப் பக்கம் எடுத்த படத்தில் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் இல்லையென்றால், அந்தத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்குவதற்கு முந்தைய படமாக இருக்க வேண்டும். ஊரை அறிந்தவர்களுக்குத்தான் இந்த வகைத் தடயம் கிடைக்கும். கொழும்பிலிருந்து சரிபார்ப்பவருக்குக் கிடைக்காது.

ஊரையே மாற்றிப் போடும் படங்களும் உண்டு. இந்தியாவின் மூணாறு, வால்பாறைத் தேயிலை மலை நம்முடையது போலவே இருக்கும், கூட்டத்தில் பேசுவதும் தமிழ்தான். அங்கே எடுத்த கூட்டத்தை ஹட்டன் கூட்டம் என்று சொன்னால் நம்பத் தோன்றும். வாகனங்களைப் பாருங்கள். தமிழ்நாட்டு ஆட்டோ மஞ்சள் நிறம். இங்கே சிவப்பு, பச்சை, நீலம். இங்கே வாகனத்தின் முன்பலகை வெள்ளை, பின்பலகை மஞ்சள். கடைப் பலகைகளில் சிங்களம் ஒரு இடத்திலும் தென்படாத நகரப் படம் மலையகத்தில் எடுத்ததாக இருப்பது மிக அரிது. வாக்களிப்பு இயந்திரத்தில் மோசடி என்று வீடியோ வந்தால் அது இலங்கை அல்ல. நாம் காகிதச் சீட்டில்தான் வாக்களிக்கிறோம். ஆணைக்குழுவின் அறிவித்தல் என்று வரும் படத்தில் "ஆணையம்", "வாக்குச்சாவடி" என்ற தமிழ்நாட்டுச் சொற்கள் இருந்தால், எழுதியவர் இங்கத்தைய உத்தியோகத்தர் அல்லர்.

இனி, போனில் செய்ய வேண்டிய வேலை. படத்தின் மேலே ஃபோர்வர்ட் அம்புக்குறி ஒன்றா இரண்டா என்று பாருங்கள். இரட்டை அம்பு என்றால் குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. அப்படியான செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப வட்ஸ்அப் விடும், 2020 ஏப்ரலிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. ஆனால் அம்பு இல்லாததால் புதிய படம் என்று நினைக்கக்கூடாது. கேலரியில் சேமித்துத் திரும்பப் போட்டாலும், ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டாலும் அந்த அடையாளம் அழிந்துவிடும். திட்டமிட்டுப் பரப்புகிறவர்கள் செய்வதே அதுதான்.

கோப்பின் பெயரைப் பார்த்து ஏமாறுவதும் அடிக்கடி நடக்கிறது. ஐஎம்ஜி-20240918-டபிள்யூஏ0012 என்று பெயர் இருந்தால், 2024 செப்டெம்பர் 18இல் எடுத்த படம் என்று வாதாடுவார்கள். அந்த எண் உங்கள் போனுக்குப் படம் வந்துசேர்ந்த நாளைத்தான் காட்டுகிறது. எடுத்த நாள், எடுத்த இடம், கமராவின் பெயர் எல்லாவற்றையும் வட்ஸ்அப் சாதாரணப் படமாக அனுப்பும்போது கழித்துவிடும். படத்தை அளவிலும் சுருக்கிவிடும். ஆகவே வட்ஸ்அப்பில் வந்த படத்தை "எடிட் செய்திருக்கிறதா" என்று காட்டும் இணையக் கருவிகளில் போட்டுக் கிடைக்கும் வண்ணப் புள்ளிகளை நம்ப வேண்டாம். பலமுறை சுருங்கிய எந்தப் படமும் அதில் சந்தேகமாகவே தெரியும். எடுத்தவரே ஆவணமாக அனுப்பிய மூலக் கோப்பு கிடைத்தால்தான் உள்ளே இருக்கும் தகவலுக்கு மதிப்பு.

மூலத்தைத் தேடும் முறை இது. படத்தைக் கேலரியில் சேமியுங்கள். மேலே கீழே ஒட்டியிருக்கும் எழுத்து, சின்னம், சட்டம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, புகைப்படத்தை மட்டும் வையுங்கள். இதைச் செய்யாமல் தேடுவதால்தான் பலருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. தேடல் இயந்திரம் எழுத்தைப் பார்த்துவிட்டு அதே மாதிரி போஸ்டர்களைக் காட்டும். ஒரே படத்தில் இரண்டு மூன்று புகைப்படம் ஒட்டியிருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக வெட்டித் தேட வேண்டும். பிறகு கூகுள் செயலியில் தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கமராக் குறியைத் தொட்டு (அதுதான் கூகுள் லென்ஸ்) வெட்டிய படத்தைக் கொடுங்கள். முதலில் வருவது "இதைப் போன்ற" படங்கள். தேயிலை மலைக்கு ஆயிரம் ஒத்த படம் வரும், அதில் பயனில்லை. அச்சொட்டாகப் பொருந்தும் படங்களைக் காட்டும் பகுதிக்குப் போய், கிடைத்தவற்றில் மிகப் பழைய பக்கத்தைத் திறந்து, அங்கே அந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். டின்ஐ என்ற தளத்தில் பழையது முதலில் வருமாறு அடுக்கிப் பார்க்கலாம்; திகதி கண்டுபிடிக்க அது நல்லது. முகத்தையும் கட்டடத்தையும் வைத்துத் தேட யான்டெக்ஸ் சில நேரம் கூகுளைவிடக் கைகொடுக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் படத்தை இடம் வலமாகத் திருப்பி ஒரு முறை தேடுங்கள். தேடலில் அகப்படாமல் இருக்க அப்படித் திருப்பிப் போடுவதுண்டு. அப்போது பெயர்ப்பலகை எழுத்தும் சட்டைப் பொத்தானும் எதிர்ப்பக்கம் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்கவில்லையென்றால் படம் உண்மை என்று பொருளல்ல. மூடிய முகநூல் குழுக்களில் மட்டும் இருந்த படமும், நேற்று எடுத்த படமும் தேடலில் வராது. அந்த இடத்தில் சொல்லக்கூடியது "உறுதிப்படுத்த முடியவில்லை, அனுப்பாதீர்கள்" என்பது மட்டுமே. பரவும் படங்களைச் சரிபார்த்துத் தமிழிலும் வெளியிடும் ஃபெக்ட் கிரசண்டோ இலங்கைப் பிரிவின் பக்கத்தில் அதே படம் ஏற்கெனவே ஆராயப்பட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவால் செய்த படங்களுக்கு இன்னமும் பயன்தரும் ஒரு சோதனை, பின்னணியில் இருக்கும் தமிழ், சிங்கள எழுத்து. பதாகையில் எழுத்துப் போல் தெரியும், வாசித்தால் ஒரு சொல்லும் தேறாது. ஆனால் கருவிகள் வேகமாகத் தேறி வருகின்றன, இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

முடிவுப் படங்கள் வாக்களிப்பு நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். இங்கே மலையகத்தாருக்கு ஒரு வசதி இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் இருப்பது நான்கு தேர்தல் தொகுதிகள்தான்: நுவரெலியா-மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை. அவற்றோடு தபால்மூல வாக்கு முடிவு தனியாக வரும். ஜனாதிபதி அல்லது பாராளுமன்றத் தேர்தலில் "ஹட்டன் தொகுதி முடிவு", "தலவாக்கலைத் தொகுதி முடிவு" என்று வருவது எல்லாமே புனைவு. அந்த ஊர்கள் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் கொண்ட நுவரெலியா-மஸ்கெலியாவுக்குள் அடக்கம். தொகுதிப் பெயர் சரியாக இருந்தால் கூட்டிப் பாருங்கள். எல்லோருடைய வாக்கையும் கூட்டினால் செல்லுபடியான வாக்கு வர வேண்டும். அதோடு நிராகரிக்கப்பட்டதைக் கூட்டினால் அளிக்கப்பட்ட மொத்தம் வர வேண்டும். பொய்யாகச் செய்கிறவர்கள் மேலே இருக்கும் இரண்டு மூன்று எண்களை மாற்றிவிட்டுக் கீழ்த் தொகையை அப்படியே விட்டுவிடுவார்கள்.

பொய் என்று தெரிந்த பிறகு குழுவில் எப்படிச் சொல்வது என்பதிலும் தவறு நடக்கிறது. "இது பொய்" என்று எழுதி அதே படத்தைத் திரும்பப் போட்டால், எழுத்தைக் கழற்றிவிட்டுப் படம் மட்டும் இன்னொரு குழுவுக்குப் போகும். வட்ஸ்அப்பிலேயே இருக்கும் பென்சிலால் படத்தின் குறுக்கே பெரிய சிவப்புக் கோடு இழுத்து, முகத்தின் மேலேயே "பழைய படம் 2020" என்று எழுதி அனுப்புங்கள். கூடவே அரை நிமிடக் குரல் பதிவு ஒன்று. வாசிக்க நேரமில்லாதவர்களும் வாசிக்கத் தெரியாதவர்களும் அதைக் கேட்பார்கள். சிக்னல் குறைந்த பள்ளத்துத் தோட்டங்களில் வீடியோ இறங்காது. குரல் பதிவு இறங்கும்.

அனுப்பியவரை எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தினால் அவர் பிடிவாதமாக நிற்பார். அவருக்குத் தனியே, "சித்தப்பா, இந்த நம்பர் போன தேர்தல் நம்பர். இந்த முறை மாறியிருக்கு. குரூப்ல இருந்து அழிச்சிருங்க, ரெண்டு நாளைக்குள்ளனா எல்லாருக்கும் அழிக்கலாம்" என்று எழுதுங்கள். அவர் செய்யாவிட்டால் குழு அட்மின் எவருடைய பதிவையும் எல்லோருக்குமாக அழிக்கலாம். கோயில் குழு, பழைய மாணவர் குழு போன்றவற்றின் அட்மின்கள் அமைதிக் காலம் தொடங்கியதும், அட்மின் மட்டும் எழுதலாம் என்று குழு அமைப்பை மாற்றிவிடுவது நல்லது. சிலர் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

அடையாளமிட்ட வாக்குச் சீட்டைப் படம் பிடித்து நிலைத்தகவலில் போடும் பிள்ளைகளுக்கு வீட்டில் உள்ளவர்களே சொல்லி வைக்க வேண்டும். வாக்களிப்பு நிலையத்துக்குள் படம் எடுப்பது தடை, அது விசாரணைக்குப் போகிற காரியம். 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. பொய்யை உருவாக்கியவரை மட்டுமல்ல, பரப்பியவரையும் அதன்கீழ் விசாரிக்க இடமுண்டு.

முறைப்பாடு செய்வதென்றால் மாவட்டச் செயலகத்தில் உள்ள தேர்தல் அலுவலகம், பொலிஸ் நிலையம், பெஃப்ரல், சீஎம்ஈவி போன்ற கண்காணிப்பு அமைப்புகள் ஆகியவற்றுக்கு அறிவிக்கலாம். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. வந்த செய்தியை அழிக்காமல் போனிலேயே வைத்திருங்கள். வந்த திகதி, நேரம், குழுவின் பெயர், கூடவே வந்த எழுத்து முழுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். முகநூல் பதிவாக இருந்தால் அதன் இணைப்பை முதலில் நகலெடுத்து வையுங்கள், ஏனென்றால் முறைப்பாடு போனது தெரிந்ததும் பதிவை நீக்கிவிடுவார்கள்.